கையில் ஒரு போன், பாக்கெட்டில் 3,000 ரூபாய்... உங்கள் குறும்படத்துக்கு டிரெய்லர் ரெடி பண்ணுவது எப்படி?

மூணு மாசம் அலைந்து, வீட்டில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின காசைப் போட்டு, 12 நிமிஷக் குறும்படம் ஒன்றை எடுத்து முடித்துவிட்டீர்கள். அடுத்த வாரம் கல்லூரி செமினார் ஹாலில் ஸ்கிரீனிங். அந்த ஹாலில் உட்காரப்போவது நடித்தவர்களும் அவங்க ரூம்மேட்ஸும் மட்டும்தானா? இல்லை, பக்கத்து டிபார்ட்மென்ட் ஜூனியர்கூட முன்னாடியே வந்து இடம் பிடிப்பாரா? இதை முடிவு பண்ணுவதில் படத்தைவிட டிரெய்லருக்குத்தான் பங்கு அதிகம். ஏனென்றால், படத்தைத்தான் இன்னும் யாருமே பார்க்கவில்லையே!

'காலேஜ் புராஜெக்ட்டுக்கு இவ்வளவு அலட்டலா பாஸ்?' என்று கேட்காதீர்கள். கலைஞர் டி.வி-யின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படங்கள் எடுத்த கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமாரசாமி 2013-ல் 'சூது கவ்வும்' எடுத்தார். பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' முதலில் குறும்படம். 2012-ல் அதே பெயரில் முழுநீளப் படம். 12 நிமிஷம் ஒதுக்க யாருக்கும் நேரம் இல்லாத நாளில், உங்களுக்காகக் கதவைத் தட்டப்போவது அந்த ஒரு நிமிஷ வீடியோதான். அதை ரிலீஸுக்கு முந்தின ராத்திரி 2 மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டே கட் பண்ணலாமா? ஒரு வாரம் ஒதுக்குங்கள். என்ன செய்யலாம் என்று வரிசையாகப் பார்ப்போம்.

டீசரா, டிரெய்லரா?

'டிரெய்லர்' என்றால் பின்னால் வருவது என்று பொருள். அமெரிக்கத் தியேட்டர்களில் ஆரம்பத்தில் படம் முடிந்த பிறகு இதைப் போட்டதால் வந்த பெயர் இது. படம் முடிந்ததும் கூட்டம் எழுந்து போய்விட, இடத்தை முன்னால் மாற்றிக்கொண்டார்கள். பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

டீசர் என்பது படத்தின் மூடை மட்டும் காட்டி ஆர்வத்தைக் கிளப்புவது. டிரெய்லர், கதையின் சிக்கலை அறிமுகப்படுத்துவது. டீசருக்குப் படத்தின் காட்சிகளே தேவையில்லை. லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' டைட்டில் டீசர், படப்பிடிப்பு தொடங்கும் முன்பே 2020 நவம்பரில் வெளியானது. படம் வந்தது 2022-ல். உங்கள் ஷூட்டிங் இன்னும் முடியவில்லை என்றாலும், ஒரே லொக்கேஷனில் ஒரு குட்டிக் காட்சி எடுத்து டீசராக விடலாம்.

நீளம்? 10 முதல் 15 நிமிஷப் படத்துக்கு 45 முதல் 60 விநாடி டிரெய்லர் தாராளம். இரண்டு நிமிஷம் ஓடினால், படத்தில் ஆறில் ஒரு பங்கை ஓசியில் காட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்!

முதலில் ஒரு கேள்வியைக் கண்டுபிடிங்க

டிரெய்லர் கதைச்சுருக்கம் இல்லை. பார்ப்பவர் மனதில் ஒரே ஒரு கேள்வியை நட்டுவிட்டு ஓடிவிட வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கற்பனைக் கதை. சின்ன டவுன் பஸ் ஸ்டாண்ட். கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட அப்பாவும் மகளும் ராத்திரி முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கும் மகள், நாலு மாசமாகக் கல்லூரிக்கே போகவில்லை. அது அப்பாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால், அவருக்கு ஏற்கெனவே தெரியும். இதுதான் கிளைமாக்ஸ்.

இந்தப் படத்துக்கான டிரெய்லர் கேள்வி, 'விடியறதுக்குள்ள அவ அப்பாகிட்ட சொல்லிடுவாளா?' அவ்வளவுதான். அப்பாவுக்குத் தெரியும் என்பதைக் காட்டும் எந்த ஷாட்டும், எவ்வளவு அழகாக இருந்தாலும், டிரெய்லருக்குள் வரக் கூடாது. 'மச்சி, அந்த ஷாட்டுக்காக மழையில நனைஞ்சோம்டா' என்று கேமராமேன் நண்பன் கண் கலங்கலாம். அந்த ஷாட்டின் இடம் படம்தான். கேள்வியை ஒரு பேப்பரில் எழுதி லேப்டாப்பில் ஒட்டிவிடுங்கள். அதற்கு உதவாத ஷாட் எல்லாம் வெளியே!

பேப்பரில் எடிட் பண்ணுங்க

சாஃப்ட்வேரைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டை எடுங்கள். எடுத்த ஃபுட்டேஜ் முழுவதையும் ஒருமுறை பார்த்து ஃபைல் நம்பர், எந்த விநாடி, என்ன நடக்கிறது, ஒலி சரியாக இருக்கிறதா என்று நாலு கட்டம் போட்டுக் குறியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால், 'அந்த டீ கிளாஸ் ஷாட் எங்கடா?' என்று நடுராத்திரியில் தேடும் கொடுமை இருக்காது.

பிறகு 60 விநாடியைப் பிரித்து எழுதுங்கள். நம்ம பஸ் ஸ்டாண்ட் கதைக்கு இப்படி:

0 - 5 விநாடி: கறுப்புத் திரை. பஸ் கிளம்பும் சத்தம், கண்டக்டர் விசில். கடைக்காரர் குரல்: "கடைசி வண்டி போயிடுச்சுங்க. இனி காலையில அஞ்சு மணிக்குத்தான்."

5 - 20: யார், எங்கே? அப்பா பெஞ்சில் துண்டை உதறிப் போடுகிறார். மகள் தள்ளி நின்று போனைப் பார்க்கிறாள்.

20 - 38: சிக்கல். போன் திரையில் 'காலேஜ் ஆபீஸ்' என்று அழைப்பு. கட் பண்ணுகிறாள். "யாரும்மா?" "ஃப்ரெண்டுப்பா."

38 - 50: ஷாட்டுகளின் நீளம் குறைந்துகொண்டே வருகிறது. கடிகாரம், ஷட்டரை இறக்கும் டீக்கடை, காலி பிளாட்ஃபாரம், மகளின் விரல்கள். திடீரென எல்லாச் சத்தமும் நிற்கிறது.

50 - 54: மகளின் முகம். "அப்பா, ஒண்ணு சொல்லணும்." அப்பா திரும்பும் முன் கட்.

54 - 60: படத்தின் பெயர், தேதி, நேரம், இடம்.

பேப்பரில் படிக்கும்போதே உங்களுக்கு அடுத்து என்ன என்று தோன்றினால் பாஸ். தோன்றவில்லை என்றால், எந்த எஃபெக்ட்டும் அதைக் காப்பாற்றாது.

ஒரே ஒரு சாயங்காலம், 3,000 ரூபாய்

பேப்பர் எடிட் எழுதியதும் சில ஷாட்டுகள் இல்லை என்பது தெரியவரும். பெரும்பாலும் முகங்கள் நிறைய இருக்கும்; பொருள்களின் க்ளோஸப் இருக்காது. கடிகாரம், ஈரமான பெஞ்ச், ஆறிப்போன டீ போன்றவைதான் டிரெய்லரில் ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ உதவும் பாலங்கள். இவற்றை எடுக்க நடிகர்கள்கூடத் தேவையில்லை. ஒரு சாயங்காலம் போதும்.

மாதிரி பட்ஜெட்: வயர் வைத்த காலர் மைக் 700 ரூபாய், தெர்மாகோல் ஷீட்டும் டேப்பும் 150, ஐந்து பேருக்கு டிபன், டீ 750, பெட்ரோல் அல்லது பஸ் 400. மொத்தம் 2,000. மீதி 1,000 ரூபாயைத் தொடாதீர்கள். ஏதாவது ஒன்று சொதப்பும்போது அதுதான் கைகொடுக்கும். பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், மெட்ரோ போன்ற இடங்களில் படப்பிடிப்புக்கு அனுமதி வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால், கல்லூரி வளாகத்தின் பழைய பெஞ்ச்சும் பின்னணியில் பஸ் சத்தமும் சேர்ந்தால் க்ளோஸப்பில் அதுவும் பஸ் ஸ்டாண்ட்தான்.

'போன்ல எடுத்தா படம் மாதிரி இருக்காதே' என்ற கவலை வேண்டாம். ஷான் பேக்கர் இயக்கி 2015-ல் வெளியான 'டேஞ்சரின்' என்ற அமெரிக்கப் படம், ஐபோன் 5எஸ்-ல் எடுக்கப்பட்டது. கவனிக்க வேண்டியவை இவைதான்:

போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். ஷாட் நடுவே அம்மா போன் பண்ணுவார்.

எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் லாக் பண்ணுங்கள். இல்லையென்றால் ஷாட்டுக்குள்ளேயே வெளிச்சம் ஏறி இறங்கும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப்லைட், மலிவான எல்.இ.டி வெளிச்சத்தில் படம் துடிப்பதற்கு இதுதான் காரணம். மேனுவல் மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

தெர்மாகோலை முகத்துக்கு எதிரே பிடித்தால், கடை விளக்கின் வெளிச்சமே திரும்பி வந்து நிழலை மென்மையாக்கும்.

ஒவ்வொரு ஷாட்டிலும் ஆக்‌ஷனுக்கு முன்னும் பின்னும் ஐந்து விநாடி கூடுதலாக ஓடவிடுங்கள். கட் பண்ண இடம் வேண்டுமே!

ரீல்ஸுக்கும் வெட்டப்போகிறீர்கள் என்றால் முக்கியமான முகத்தை ஃபிரேமின் நடுப்பகுதியில் வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் காப்பி பண்ணுவது. ஒன்று லேப்டாப்பில், இன்னொன்று வேறொரு நண்பரின் ஹார்ட் டிஸ்க்கில். ஒரே பைக்குள் இருக்கும் இரண்டு காப்பியும், பை தொலைந்தால் ஒரே காப்பிதான்.

காதுக்கு முதல் மரியாதை

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் 'ஸ்டைல்' என்று சொல்லிச் சமாளிக்கலாம். வசனம் கேட்கவில்லை என்றால் ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடுவார்கள். மைக் வாங்க வழியில்லையா? இன்னொரு போனில் ரெக்கார்டரை ஆன் பண்ணி நடிகரின் சட்டைப் பையில் போடுங்கள். ஷாட் தொடங்கும்போது கேமரா முன் ஒருமுறை கை தட்டுங்கள். எடிட்டில் அந்தச் சத்தத்தையும் கை சேரும் ஃபிரேமையும் பொருத்தினால் குரலும் உதடும் சேர்ந்துவிடும்.

ஒவ்வொரு லொக்கேஷனிலும் யாரும் பேசாமல் 30 விநாடி அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். இரண்டு வசனங்களுக்கு இடையே வெட்டும்போது வரும் பள்ளத்தை இதுதான் நிரப்பும். குரலைத் திரும்பப் பதிவு பண்ண ஸ்டூடியோ தேவையில்லை. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதன் முன் நின்று, தலைக்கு மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு பேசினால் எதிரொலி குறையும். ஹாஸ்டலில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எந்த சாஃப்ட்வேர்?

உங்களிடம் என்ன இருக்கிறதோ, அதுதான் சிறந்த சாஃப்ட்வேர். லேப்டாப் ஓரளவு பலமானது என்றால் டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பு போதும். கலர் கரெக்‌ஷனும் அதிலேயே செய்யலாம். பழைய லேப்டாப் என்றால் ஷாட்கட், கேடென்லைவ் இரண்டையும் முயன்று பாருங்கள், இரண்டுமே இலவசம். போனில்தான் எல்லாம் என்றால் விஎன், கைன்மாஸ்டர் போன்ற ஆப்கள். கைன்மாஸ்டரின் இலவசப் பதிப்பு வாட்டர்மார்க் போடும் என்பதை நினைவில் வையுங்கள். கிராக் பண்ணின சாஃப்ட்வேர் வேண்டவே வேண்டாம். வைரஸ் வந்து புராஜெக்ட் ஃபைல் போனால், சமர்ப்பிக்க வேண்டிய படமும் சேர்ந்து போய்விடும்.

லேப்டாப் திக்கித் திணறுகிறதா? 'பிராக்ஸி' உருவாக்குங்கள். பெரிய ஃபைல்களுக்குப் பதிலாகச் சின்னச் சின்ன நகல்களை வைத்து எடிட் பண்ணிவிட்டு, கடைசி எக்ஸ்போர்ட்டின்போது மட்டும் ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளும் முறை இது. இன்னொரு தொல்லை, போன் வீடியோவில் விநாடிக்கு இத்தனை ஃபிரேம் என்பது சீராக இருக்காது. அதனால், போகப் போக வசனமும் உதடும் விலகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' தேர்ந்தெடுத்து மாற்றிக்கொண்டு எடிட்டை ஆரம்பித்தால் இந்தத் தலைவலி இல்லை.

கத்திரி வைக்கும் இடம்

முதலில் சத்தத்தை மட்டும் அடுக்குங்கள். வசனம், விசில், மௌனம். கண்ணை மூடிக் கேட்டாலே கதை புரிய வேண்டும். அதன் மேல் படங்களை வையுங்கள்.

நூறு வருஷத்துக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சியே இல்லாத ஒரு நடிகரின் முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், ஒரு சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டினார். ஒரே முகம்தான். ஆனால், சூப்போடு பார்க்கும்போது பசி. சவப்பெட்டியோடு பார்க்கும்போது துக்கம். அர்த்தம் ஷாட்டுக்குள் மட்டும் இல்லை, இரண்டு ஷாட்டுகள் சேரும் இடத்திலும் இருக்கிறது. நம் கதையில் 'காலேஜ் ஆபீஸ்' என்று மின்னும் போனுக்குப் பின் அப்பாவின் சாதாரண முகத்தை வையுங்கள். 'இவருக்கு ஏதோ சந்தேகம் வந்துடுச்சோ?' என்று பார்ப்பவரே யோசிப்பார். புதிதாக எதுவும் எடுக்கவில்லை, செலவு பூஜ்யம்!

'அபோகலிப்ஸ் நவ்' போன்ற படங்களில் எடிட்டராகப் பணியாற்றிய வால்டர் மர்ச், ஒரு கட் சரியா என்று பார்க்க ஆறு அளவுகோல்கள் சொல்கிறார். அதில் உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவிகிதம். கதைக்கு 23, தாளத்துக்கு 10. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சட்டை மடிப்பு மாறியிருக்கிறதே என்று நல்ல நடிப்பைத் தூக்கி எறியாதீர்கள் என்பதுதான் இதன் சாரம்.

அடுத்த ஷாட்டின் சத்தத்தை அரை விநாடி முன்னாலேயே தொடங்குங்கள், கட் உறுத்தாது. இடி மாதிரி 'டும்' சத்தத்தை ஒவ்வொரு கட்டுக்கும் போடாதீர்கள். ஒரே ஒரு இடத்தில் எல்லாச் சத்தத்தையும் நிறுத்திப் பாருங்கள், கை அரிப்பவர்கள்கூட ஸ்க்ரோல் பண்ணாமல் நிற்பார்கள்.

பலரும் பஸ்ஸிலும் வகுப்பிலும் சத்தத்தை மூடிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். அதனால் வசனங்களைத் திரையில் எழுத்தாகவும் போடுங்கள். தமிழ் எழுத்துக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், முக்தா மலர் போன்ற ஃபான்ட்டுகள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். சில எடிட்டிங் சாஃப்ட்வேர்களில் கொம்பும் காலும் இடம் மாறி விழும். அப்படியானால் டைட்டிலை வேறு ஆப்பில் பின்னணி இல்லாத படமாகச் செய்து கொண்டுவந்து ஒட்டுங்கள். படத்தின் பெயரிலேயே எழுத்து உடைந்திருந்தால் மானம் போய்விடும், மக்களே!

பாட்டு... ஜாக்கிரதை!

'ராஜா சார் பிஜிஎம் போட்டா தூக்கிடும்டா!' என்று டீமில் ஒருவர் கட்டாயம் சொல்வார். தூக்கும், உங்கள் வீடியோவையே. 'குணா' படப் பாடலைப் பயன்படுத்தியதற்காக 'மஞ்சும்மல் பாய்ஸ்' தயாரிப்பாளர்களுக்கு 2024-ல் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸே போனது. நீங்கள் மாணவர் என்பதால் விதிவிலக்கு கிடையாது. 'காப்பிரைட் எனக்கில்லை' என்று டிஸ்க்ரிப்ஷனில் எழுதுவதும் பாதுகாப்பு இல்லை. யூடியூபின் தானியங்கி அமைப்பு பாடலை அடையாளம் கண்டால் வீடியோ முடக்கப்படலாம், விளம்பர வருமானம் பாடல் உரிமையாளருக்குப் போகலாம்.

யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவச இசை கிடைக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் இசை என்றால், பெயர் போட வேண்டுமா, வணிகப் பயன்பாட்டுக்குத் தடை இருக்கிறதா, வெட்டி மாற்ற அனுமதி உண்டா என்று படித்துவிட்டு எடுங்கள். இதைவிட நல்ல வழி, உங்கள் ஹாஸ்டலிலேயே கீபோர்டோ பறையோ வாசிக்கும் ஒருவர் இருப்பார். அவரிடம் 60 விநாடி கேளுங்கள். அவருக்கும் அது முதல் படம்!

கடைசி செக்

1080 பிக்ஸல், எச்.264 ஃபார்மட்டில் எக்ஸ்போர்ட் பண்ணுங்கள். 24, 25 அல்லது 30 ஃபிரேமில் எடுத்த 1080 வீடியோவுக்கு விநாடிக்கு 8 மெகாபிட் என்கிறது யூடியூபின் பரிந்துரை. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்கலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. ஹெட்போனில் மட்டும் கேட்டு ஓகே பண்ணாமல் போன் ஸ்பீக்கரிலும் போட்டுக் கேளுங்கள். வசனம் அங்கே புரிந்தால்தான் புரிந்த மாதிரி.

பிறகு கதையே தெரியாத மூன்று பேரிடம் காட்டுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், "சூப்பர் மச்சி" என்றுதான் பதில் வரும். "என்ன கதைன்னு நினைக்கிற?", "எந்த இடத்துல போர் அடிச்சுது?" என்று கேளுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் ஒரே இடத்தைச் சொன்னால், அது உங்களுக்கு எவ்வளவு பிடித்த ஷாட்டாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

ஏமாத்தாதீங்க, அனுமதி கேளுங்க

அப்பா - மகள் கதையைப் பேய்ப்படம் மாதிரி கட் பண்ணினால் வியூஸ் ஏறலாம். ஆனால் ஹாலில் உட்கார்ந்து, பேய் வரும் என்று காத்திருப்பவருக்கு அந்த அப்பாவின் மௌனம் எரிச்சலாகத்தான் இருக்கும். நீங்கள் உயிரைக் கொடுத்து எடுத்த காட்சி, தப்பான டிரெய்லரால் தோற்றுப்போகும். ஆர்வத்தைத் தூண்டலாம், இல்லாததை விற்கக் கூடாது.

நடித்தவர்களிடம் டிரெய்லரை வெளியிடும் முன் காட்டுங்கள். படத்தில் நடிக்கச் சம்மதித்த தோழி, தான் அழும் ஒரு விநாடி மட்டும் தம்ப்நெயிலாகவும் மீமாகவும் ஊர் சுற்றச் சம்மதித்திருக்க மாட்டார். வீட்டில் சொல்லாமல் நடிக்க வந்தவர்களும் இருப்பார்கள். ஒரு போன் காலில் முடிகிற விஷயம். கேட்காமல் விட்டால் ஒரு நட்பே போய்விடலாம். பின்னணியில் தெளிவாகத் தெரியும் அந்நியர்களின் முகங்களையும் தவிர்த்துவிடுங்கள். லைட் பிடித்தவர், டீ வாங்கி வந்தவர் பெயர்களை டிஸ்க்ரிப்ஷனிலாவது போடுங்கள்.

இன்னொன்று... டிரெய்லர் ஹிட் ஆன உற்சாகத்தில் முழுப்படத்தையும் உடனே யூடியூபில் ஏற்றிவிடாதீர்கள். ஏற்கெனவே இணையத்தில் பொதுவில் வெளியான படங்களைச் சில திரைப்பட விழாக்கள் ஏற்பதில்லை. டிரெய்லரைப் பொதுவில் விடுங்கள். படத்துக்கு பிரைவேட் லிங்க் வையுங்கள். எந்த விழாவுக்கு அனுப்பினாலும் விதிமுறையைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

ஏழு நாள் பிளான்

திங்கள்: ஃபுட்டேஜ் பார்த்துக் குறிப்பெடுப்பது, கேள்வியை எழுதுவது. செவ்வாய்: பேப்பர் எடிட். புதன் சாயங்காலம்: விடுபட்ட ஷாட்டுகள். வியாழன்: ஒலியை அடுக்கி முதல் கட். வெள்ளி: லேப்டாப்பைத் திறக்காதீர்கள், ஒருநாள் இடைவெளி விட்டால்தான் சனிக்கிழமை புதுக்கண்ணோடு பார்க்க முடியும். சனி: மூன்று பேர் சோதனை, இறுதி கட், நடிகர்களின் சம்மதம். ஞாயிறு மாலை: ரிலீஸ்.

வெளியிடும் முன் கடைசி ஆறு விநாடியை மட்டும் இன்னொரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். தேதி, நேரம், ஹால் பெயர் மூன்றும் சரியாக இருக்கிறதா? நிறைய நல்ல படங்களுக்கு ஆள் வராமல் போவது இதில் நடக்கும் சின்னப் பிழையால்தான்!